ஜீனும் ஜின்னும்

என் தம்பி குடிக்க மாட்டான். ஜெபமாலையை விட்டால், என் வாழ்நாளில் இதைச் சொன்ன அளவுக்கு நான் வேறெதையும் சொன்னதில்லை. ஜெபமாலையையாவது மாதா கேட்டிருப்பாள். இதை ஒருத்தரும் கேட்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு அம்மா அவனைக் கடலுக்கு விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஏ.சி. மெக்கானிக் படித்துவிட்டு அவன் கல்ஃபுக்குப் போனான். எங்கள் ஊர் கடியப்பட்டணத்தில் கல்ஃபிலிருந்து வருகிறவன் கொஞ்சம் தடித்து, கொஞ்சம் வெளுத்து, கையில் ஒரு கம்பளியோடு வந்து இறங்க வேண்டும். அதுதான் முறை. இவன் கம்பளியோடுதான் வந்தான். ஆனால் கன்னம் ஒட்டி, இடுப்பில் பேண்ட் நிற்காமல் வந்தான்.

சாப்பிட்டால் வலி வரும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகு வரை பாயும். தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு, நெற்றி முட்டில் இடிக்கிற மாதிரி குனிந்து உட்கார்ந்திருப்பான். சாளைக் கறியும் மரச்சீனிக் கிழங்கும் வைத்தால் சட்டியோடு வழித்துத் தின்கிறவன், பாத்திரத்தைப் பார்த்தாலே பயந்தான். நான் அப்போது கல்யாணம் கழிந்து தக்கலையில் இருந்தேன். அங்கேயே ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு வேலை. லீவு போட்டுவிட்டு அவனை நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கல். டாக்டர் படத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"எத்தனை வருஷமா குடிக்கிற?"

"நான் குடிக்க மாட்டேன் டாக்டர்."

"எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க."

"சத்தியமா குடிக்க மாட்டான் டாக்டர்" என்று நான் உள்ளே புகுந்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பாவம், அப்பாவி அக்கா என்கிற பார்வை அது. "முதல்ல குடியை நிறுத்தச் சொல்லுங்கம்மா. மத்ததைப் பிறகு பார்க்கலாம்" என்றார்.

"தொடங்காததை எப்படி டாக்டர் நிறுத்துறது?" என்று கேட்டேன். அவர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஊருக்கு வந்தால் அங்கே அதைவிட மோசம். கணையம் என்று ஓர் உறுப்பு மனிதனுக்குள் இருப்பதே எங்கள் தெருவுக்குத் தெரியாது. ஒரு மாமி, "கணையா? அது கொச்சுப் பிள்ளைகளுக்கு வருகதுல்லா, இவ்வளவு வளந்த பயலுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டு, பச்சைப்பிள்ளைக்குப் புகட்டுகிற ஏதோ எண்ணெயைச் சின்னக் குப்பியில் கொண்டுவந்து வைத்தாள். கல் என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டவர்கள் வாழைத்தண்டும் கல்லுருக்கிச் செடியும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தார்கள். அது சிறுநீர்க் கல்லுக்கு உள்ளது, இது வேறு கல் என்றேன். "கல்லுல என்ன பிள்ளே, உன் கல்லு எங்கல்லு?" என்றார்கள். வீடே செடிக்கடை மாதிரி ஆகிவிட்டது. எல்லாம் மரச்சீனிக் கிழங்கு தின்றதால் வந்தது என்று பக்கத்து வீட்டு மாமி அடித்துச் சொன்னாள்.

இதெல்லாம் அன்பு. பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டியதும் அவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதுதான். எங்கள் அப்பா குடித்தே செத்தவர். அது ஊரறிந்த கதை. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்றார்கள். பனைமரத்தடியில் இருந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் உலகம் சொல்லும். என் தம்பி பனைமரத்தடியில் போய் உட்காரவும் இல்லை, அங்கேயே பிறந்தான்.

எனக்கு இத்தனை ஆத்திரம் வந்ததற்குக் காரணம் தம்பி மட்டுமில்லை. கடைசித் தங்கச்சிக்கு அப்போதுதான் ஒரு சம்பந்தம் கூடிவந்திருந்தது. மேற்கே ஒரு கடற்கரை ஊர். மாப்பிள்ளை திருவனந்தபுரத்தில் எலக்ட்ரீஷியன். தங்கச்சி தக்கலையில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறபோது, பஸ்ஸில் பார்த்துப் பிடித்துப்போய், வீட்டில் பெரியவர்களை வைத்துக் கேட்டிருந்தான். அவளுக்கும் பிடித்திருந்தது. அவன் பெயரைச் சொன்னால் அவள் சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைப்பாள், சளி ஒன்றும் இருக்காது. அப்பா இல்லாத வீடு, அண்ணன்காரன் குடிகாரன் என்று பேர் விழுந்தால் யார் பெண்ணெடுப்பார்கள்? எனவே என் தம்பி குடிக்க மாட்டான் என்பதை நான் எப்படியாவது நிரூபித்தாக வேண்டும். அப்போது எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆசுபத்திரிக்குப் போனோம். அம்மாவும் வந்தாள். அங்கே ஓர் இளவயது டாக்டர். பெண். அவர் முதலில் கேட்டது வேறு கேள்வி.

"குடும்பத்துல யாருக்கெங்கிலும் சின்ன வயசுலயே வயிற்று வலி, சர்க்கரை வந்ததுண்டோ?"

அம்மா யோசித்து, தன் கூடப்பிறந்த ஓர் அண்ணனைச் சொன்னாள். சின்ன வயதிலேயே குனிந்து குனிந்து உட்காருவாராம். எலும்பும் தோலுமாகப் போய்ச் செத்தாராம். செய்வினை என்று நினைத்தார்களாம். டாக்டர் தலையாட்டினார். தம்பியின் ரத்தத்தை எடுத்தார்கள். பரிசோதனை முடிவு வரக் கொஞ்ச காலம் ஆகும் என்று சொல்லி, அதுவரை சாப்பாட்டோடு விழுங்க மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை விழுங்கத் தொடங்கியதும் வலி பாதியாகக் குறைந்தது.

முடிவு வந்த அன்று மூன்று பேரும் மறுபடியும் அவர் முன்னால் உட்கார்ந்தோம். அந்த டாக்டர் சொன்னது எனக்கு இன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. கணையம் ஒரு சாறு சுரக்கிறதாம். இறைச்சியைக் கரைக்கிற சாறு. நாம் தின்கிற மீனைக் கரைக்கிற அந்தச் சாறு, கணையத்தையும் கரைக்காமல் இருப்பதற்கு அங்கேயே ஒரு புரதம் காவல் நிற்கிறதாம். சாறு முந்திக்கொண்டு வேலையைத் தொடங்கினால் இது போய்ப் பிடித்து நிறுத்தும். அந்தக் காவல் புரதத்தைச் செய்யச் சொல்கிற ஜீனுக்கு ஸ்பிங்க் ஒன்று என்று பெயர். தம்பிக்கு அதில் ஓர் எழுத்து மாறிப்போயிருக்கிறது. காவல் சரியில்லை. கணையம் தன்னைத்தானே தின்றிருக்கிறது.

"இது உள்ள எல்லாருக்கும் நோய் வரும்னு இல்ல" என்றார். "நிறைய பேரு இதை வச்சுக்கிட்டு ஒரு வலியும் இல்லாம கடைசி வரை ஜீவிப்பாங்க. இது கூட வேற என்னெல்லாம் சேரணும்னு இன்னும் முழுசா தெரியல்ல."

"அப்ப மரச்சீனி?" என்று அம்மா கேட்டாள்.

"பண்டு எல்லாரும் மரச்சீனியைத்தான் பழிச்சோம் அம்மா. அதுக்குச் சரியான தெளிவு ஒண்ணும் கிடைக்கல்ல."

நான் என் கேள்வியைக் கேட்டேன். "குடிக்காதவனுக்கு இது வருமா டாக்டர்? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. அம்மாவும் கேக்கட்டும்."

"ஒரு துள்ளி குடிக்காமலே வரும்" என்றார் டாக்டர். சத்தமாகவே சொன்னார்.

அவர் காலில் விழலாம் போலிருந்தது. திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் ஸ்பிங்க் ஒன்று, ஸ்பிங்க் ஒன்று என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். களியக்காவிளை தாண்டுவதற்குள் எனக்கு ஊரையே ஜெயித்துவிட்ட நினைப்பு.

ஊரில் முதலில் எதிர்ப்பட்டது பக்கத்து வீட்டு மாமி. மீன் வியாபாரம் செய்கிறவள். கடற்கரையில் ஏலம் கேட்டுக் கேட்டுத் தொண்டை பழகியவள். செய்தி பரவ வேண்டுமானால் இவளிடம் சொன்னால் போதும், ஒலிபெருக்கி வேண்டாம். நன்றாக யோசித்துத்தான் அவளிடம் சொன்னேன்.

"மாமி, டாக்டர் சொல்லிட்டாங்க. குடியால வந்தது இல்ல. ஜீன். ஜீன்ல உள்ள குறையாக்கும்."

மாமி முகத்தில் ஒரு தெளிவு வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் நிம்மதியாகச் சாயா குடித்தேன்.

மறுநாள் காலையில் மீன் வாங்கப் போன தங்கச்சி அழுதுகொண்டே வந்தாள். கடற்கரை முழுக்க ஒரே பேச்சாம். "கேட்டியா, நம்ம ஊரு சாராயம் ஒண்ணும் இல்லியாம். ஜின்னாம். கல்ஃபுல இருந்து குடிச்ச ஜின்னு உள்ள போயி கல்லா உறைஞ்சு நிக்குதாம். டாக்டரே பறஞ்சாச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஜின்! கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் பெட்டிக்கு அடியில் துணியைச் சுற்றிக் கொண்டுவருகிற குப்பிகளின் பெயரெல்லாம் இந்த ஊருக்கு அத்துப்படி. கணையம் தெரியாது, ஜின் தெரியும். மாமியைத் தேடிப் பிடித்தேன்.

"ஜின் இல்ல மாமி, ஜீன். தமிழ்ல மரபணு. மரபணு!"

"மரமா?" என்றாள் மாமி. "அப்ப மரச்சீனிதானே? நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா?"

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பது பழமொழியாக இருக்கும்வரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். செய்தி மேற்கே போய்விட்டது என்பது தெரிந்தது. நான் தக்கலையிலிருந்து காலையிலேயே வந்துவிட்டேன். என்ன சொல்ல வேண்டும், எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்றெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். ஜீன் என்கிற சொல்லையே எடுக்கக் கூடாது. "பிறவியிலேயே, ரத்தத்திலேயே உள்ளது, வம்சவழியா வருது, இவன்மேல ஒரு குற்றமும் இல்லை." அட்சரம் பிசகாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மாவும், கல்ஃபில் பல வருஷம் இருந்து திரும்பிய தாய்மாமனும் வந்தார்கள். பலகாரம் வைத்தோம். தாய்மாமன் தம்பியின் தோளில் தட்டி, "ஜின்னு நல்ல சாதனமாக்கும் மக்கா. ஆனா எதுக்கும் ஒரு அளவு வேணும் கேட்டியா" என்றார். அதில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. கூட்டாளியிடம் பேசுவதுபோலப் பேசினார். நான் என் பேச்சைத் தொடங்கத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா பேசத் தொடங்கினாள்.

"உள்ளதைச் சொல்லுகேன் மைனி" என்றாள் எங்கள் அம்மாவைப் பார்த்து. "ஆம்பிளைகள் குடிக்கது இன்னைக்கு நேத்தா? எனக்க வீட்டுலயும் உண்டு. நாங்க பயந்தது வேற. சின்ன பயலு இப்படி வத்திக் கிடக்கானே, குடும்பத்துல ரத்தத்துல உள்ள சீக்கா இருக்குமோன்னு. அப்படின்னா அவனுக்க தங்கச்சிக்கும் இருக்கும், நாளைக்கு எங்க பேரப்பிள்ளைகளுக்கும் வரும். ஜின்னாலன்னு கேட்டபிறகுதான் உறக்கம் வந்தது."

இத்தனை மாதம் எதை இல்லை என்று தொண்டை வறள நிரூபித்துக்கொண்டிருந்தேனோ, அது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. எதை உண்மை என்று கொண்டாடிக்கொண்டு வந்தேனோ, அதைத்தான் அவர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். இருந்தாலும் உண்மை உண்மைதானே என்று, "இல்ல மாமி, அது வந்து..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா மாமி" என்றான் தம்பி. "ஜின்தான்."

அவன் தலை நிமிரவே இல்லை. முறுக்கை இரண்டாக ஒடித்துக்கொண்டிருந்தான். தின்னவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒரே ஒரு காரியம்தான் கேட்டாள். கல்யாண வீட்டில் குடித்துக் கலாட்டா ஆகக் கூடாது. கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிப்பதற்கு முன்னால், ஊர்ச் சாமியார் முன்னிலையில், அவன் இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு எங்கள் பங்குக் கோயிலில் குடியை விடுகிறவர்கள் எல்லோர் முன்னிலையிலும் அப்படி வாக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டு. தம்பி சரி என்றான்.

அவர்கள் போனதும் அடுக்களையில் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். அம்மா வெளியே அவர்களை பஸ் ஏற்றிவிடப் போயிருந்தாள்.

"ஏலே, உனக்கு மூளை கலங்கிப் போச்சா? குடிக்காதவன் குடிச்சேன்னு சத்தியம் செய்யப்போறியா?"

"குடிச்சேன்னு இல்லக்கா. இனி குடிக்க மாட்டேன்னுதானே சத்தியம். அது பொய்யா?"

"வக்கீல் மாதிரி பேசாதே. ஊரு உன்னை என்ன சொல்லும்?"

"இப்ப மட்டும் என்ன சொல்லுது?" என்றான். "ரத்தத்துல உள்ளதுன்னு நீ சொல்லு. அப்ப இவளுக்கும் உண்டான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ? டாக்டருக்கே தெரியாததை மாப்பிள்ளைக்க அம்மைக்குப் புரிய வைக்கப்போறியா? பக்கத்து வீட்டு மாமிக்குப் புரிய வச்ச லெட்சணத்தைப் பாத்தோம்லா."

தங்கச்சி கதவோரம் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவங்களை ஏமாத்தி நான் கல்யாணம் கெட்ட வேண்டாம்" என்று சொல்லி, அங்கேயே நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டு முழுவதையும் சொன்னாள். ஜீன், எழுத்து, காவல் எல்லாம். போனை எங்களுக்கும் கேட்கிற மாதிரி பிடித்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "எனக்கு அதொண்ணும் விஷயம் இல்ல. எங்கம்மையிட்ட மட்டும் பறயாதே."

தங்கச்சி சேலைத் தலைப்பால் இந்தத் தடவை உண்மையாகவே மூக்கைத் துடைத்தாள். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது. ஆனாலும் ஆத்திரம் தீரவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். என் தம்பி என்ன பாவம் செய்தான்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாரும் கலையவில்லை. பொதுவாக இந்த வாக்குறுதிக்கு இத்தனை பேர் நிற்க மாட்டார்கள். ஜின் குடித்தவன் சத்தியம் செய்வதைப் பார்க்க ஊருக்கு ஆசை. பீடத்துக்கு முன்னால் நாலைந்து ஆண்கள் முழந்தாளிட்டிருந்தார்கள். அதில் ஒருவர் போன வருஷமும் இதே இடத்தில் முழந்தாளிட்டவர். மத்தியானத்துக்குள் அவர் எங்கே இருப்பார் என்பது சாமியாருக்கே தெரியும். அவருக்குப் பக்கத்தில் என் தம்பி. கையில் மெழுகுதிரி. குனிந்து இருந்து இருந்து அவன் முதுகு வளைந்துவிட்டிருந்தது. பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது பாவத்துக்கு வருந்துகிற மனஸ்தாபம் மாதிரி தெரிந்திருக்கும்.

சாமியார் சொல்லச் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். தம்பியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். சாமியார் மனம் உருகி, இந்த வாலிபனைப் பாருங்கள், வெளிநாட்டுப் பழக்கத்துக்கு அடிமையாகி, நோயில் விழுந்து, இன்று மீண்டு வந்திருக்கிறான் என்று ஒரு குட்டிப் பிரசங்கமே வைத்தார். பெண்கள் பக்கத்தில் பக்கத்து வீட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு எழுந்து நின்று, "ஸ்பிங்க் ஒன்று!" என்று கத்தலாமா என்றிருந்தது. கத்தியிருந்தால் அதையும் ஏதோ குப்பியின் பெயர் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வெளியே வந்தோம். ஆட்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் கை கொடுத்தான். கூட்டம் ஒதுங்கியதும் கோயில் படிக்கட்டில் அம்மா வந்தாள். இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். முத்தம் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"இல்ல" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "ஒரு மணமும் இல்ல. மாதா என் கண்ணீரைக் கேட்டுட்டா."

நான் நடுவில் புகுந்தேன். "அம்மா, என்ன பேசுற? இவன் எப்பம்மா குடிச்சான்? டாக்டர் சொன்னப்ப நீயும் பக்கத்துலதானே இருந்த?"

"இருந்தேன்" என்றாள் அம்மா. "நீ அந்த மாதிரி கெடந்து சத்தம் போட்டா, யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. பாவம், நல்ல பிள்ளை அந்த டாக்டர்." பிறகு தம்பியின் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "உங்கப்பன் ஒரு நாளும் ஒத்துக்கிடல்ல. வாசல்ல விழுந்து கிடக்கும்போதும் நான் குடிக்கல்லட்டின்னுதான் சொல்லுவாரு. நீ ஒத்துக்கிட்ட. எல்லார் முன்னாலயும் முட்டுபோட்டுக் குடியை விட்ட. எனக்கு இது போதும் மக்களே. இனி தொடாதே, என்ன?"

நான் வாயைத் திறந்தேன். தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். கண் நிறைந்திருந்தது.

"சரிம்மா" என்றான். "இனி தொட மாட்டேன்."